பெரிய வெள்ளிக்கு நாலு சொந்தக்காரர்

ஷிபினுக்கு எல்லாம் வரும். கோல் கம்பத்துக்கு நடுவில் நின்று பந்தைப் பாய்ந்து பிடிக்க வரும். கோவிலில் பாட வரும். சூளைக்குள் மாட்டிக்கொண்ட டைல்ஸை உடையாமல் இழுக்க வரும். ஒரு முழு நெய்மீனைப் பேச்சுக்கொடுத்துக்கொண்டே வெட்டிக் குழம்பு வைக்கவும் வரும். ‘இல்லை’ என்ற ஒரு சொல் மட்டும் வாயில் வராது. யார் எதைக் கேட்டாலும் ‘சரி’ என்பான். சொல்லி முடித்த பிறகு நின்று தலையைச் சொறிவான். ராஸ் அல் கைமாவில் அவனைத் தெரிந்த தமிழர்கள் அத்தனை பேரும் அவனைத் தங்கமான பிள்ளை என்பார்கள். கட்டிய பெண்டாட்டி மட்டும் அப்படிச் சொல்ல மாட்டாள். ஊருக்கெல்லாம் தங்கமாக இருக்கிறவன் வீட்டுக்குப் பித்தளையாகத்தான் இருப்பான் என்பது அவளுடைய கட்சி. அவள் சொல்வதிலும் நியாயம் இருந்தது.

அவள் பெயர் டெல்சி. குவைத்தில், ஃபஹாஹீலில், ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். இவன் இங்கே ஒரு டைல்ஸ் கம்பெனியில் கில்ன் ஆபரேட்டர். அதாவது ராத்திரி பகல் அணையாத ஒரு நீளச் சூளைக்குக் காவல்காரன். இரண்டு பேருக்கும் ஊர் குளச்சலுக்குப் பக்கம். கல்யாணம் முடிந்து ஒரு மாதம் சேர்ந்திருந்தார்கள். பிறகு அவள் ஒரு விமானம் ஏறினாள், இவன் ஒரு விமானம் ஏறினான். மூன்று வருடம் ஓடிப்போனது. இவனுக்கு லீவு கிடைத்தால் அவளுக்குக் கிடைக்காது, அவளுக்குக் கிடைத்தால் இவனுடைய கம்பெனி விடாது. ராஸ் அல் கைமாவையும் ஃபஹாஹீலையும் ஒரே கடல்தான் தொட்டுக்கொண்டு கிடக்கிறது. கடல் தொட்டு என்ன பிரயோசனம், மனிதர் தொட முடியவில்லையே.

இவர்களுக்கு இருந்தது வெள்ளிக்கிழமை ஒன்றுதான். வளைகுடாவில் வேலை செய்யும் கிறிஸ்தவர்களுக்கு ஞாயிறு வேலை நாள். அதனால் ஞாயிற்றுப் பூசையை வெள்ளியன்றே வைத்துவிடுவார்கள். இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஆண்டவர் மரித்த பெரிய வெள்ளிக்கு எப்போதும் லீவு, அவர் உயிர்த்த ஈஸ்டருக்கு எப்போதும் டியூட்டி. “துக்கத்துக்கு வர முடியும், கல்யாணத்துக்கு வர முடியாதுன்னு சொல்லுற சொந்தக்காரனப் போல ஆயிட்டோம்” என்பார் பர்னபாஸ் அண்ணன். அவர் படகு இஞ்சின் மெக்கானிக், ஷிபினின் ஊர்க்காரர், குடும்பத்தோடு இருப்பவர். அந்தக் காரணத்தினாலேயே ஊர்ப் பையன்களுக்கெல்லாம் அவர் வீடுதான் வீடு.

வெள்ளிக்கிழமை ஷிபின் காலையில் பூசையில் பாடுவான். பூசை முடிந்து பர்னபாஸ் வீட்டில் சமையல், சாப்பாடு. வெயில் தாழ்ந்ததும் கடற்கரை மணலில் பந்து. எல்லாம் முடிந்து, குளித்து, கடைசியாக டெல்சிக்குப் போன். தொடக்கத்தில் அப்படி இல்லை. பூசை முடிந்த கையோடு கூப்பிட்டுவிடுவான். பேசி முடித்துவிட்டு ஜெபமாலையில் ஒரு பத்து மணி சேர்ந்து உருட்டுவார்கள். ஒவ்வொரு மணிக்கும் ஒரு ஜெபம், அதில் முதல் பாதி அவன், பின்பாதி அவள். ஊரில் குடும்பமாகச் சொல்கிற பழக்கம், கம்பி வழியாகவும் விடவில்லை. பிறகு பந்தாட்டம் டோர்னமென்ட் ஆனது. பாட்டுக் குழுவுக்குப் பயிற்சி வந்தது. போன் பின்னால் போய்க்கொண்டே இருந்தது. ஒரு வெள்ளி, நாலாவது மணியில் டெல்சி பின்பாதியைச் சொல்லிவிட்டுக் காத்திருந்தாள். அடுத்த மணிக்கு முதல் பாதி வரவில்லை, குறட்டைதான் வந்தது. மிச்ச மணிகளுக்கு இரண்டு பாதியையும் அவளே சொல்லி முடித்தாள். அதற்குப் பிறகு அவள் ஜெபமாலை என்ற பேச்சை எடுக்கவில்லை. இவனும் எடுக்கவில்லை, கேட்க வெட்கமாக இருந்தது.

இனி அந்த வருடத்துப் பெரிய வெள்ளிக்கு வருவோம்.

ஷிபினோடு அதே கில்னில் இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள். சிவகங்கைப் பக்கத்து வீரபாண்டி, கீழக்கரைப் பக்கத்துக் காதர் மைதீன். வெள்ளிக்கிழமை பகல் ஷிப்டுக்கு மூவரில் ஒருவர் நின்றால் போதும், மற்ற இருவருக்கும் லீவு. அந்த முறையை அவர்களே தங்களுக்குள் மாற்றிக்கொள்வார்கள். உனக்குப் பண்டிகை என்றால் நான் நிற்கிறேன், எனக்குப் பண்டிகை என்றால் நீ நில். வார நாளில் வந்த பண்டிகைக்கும் இதே கதைதான். போர்மேன் பெஷாவர்க்காரர், அவருக்கு ஆள் யார் என்பது கவலையில்லை. “கில்ன் சல்னா சாஹியே, பஸ், கலாஸ்”, சூளை ஓடினால் சரி, அவ்வளவுதான் என்று போய்விடுவார். எந்தக் கம்பெனிச் சட்டத்திலும் இல்லாத இந்த ஏற்பாட்டில்தான் மூன்று மதமும் அந்தச் சூளையடியில் சண்டையில்லாமல் பிழைத்தன.

கிறிஸ்துமஸ் அன்று ஷிபினுக்காக வீரபாண்டி நின்றார். “பங்குனி உத்திரத்துக்கு நீ நில்லு தம்பி” என்றார். ஷிபின் ‘சரி’ என்றான். வருடக் கடைசி ராத்திரிப் பூசைக்காகக் காதர் மைதீன் நின்றார். “மீலாது விழாவுக்கு நம்மள விட்டுடணும், அன்னைக்கு நேர்ச்சச் சோறு நம்ம கைதான்” என்றார். ஷிபின் அதற்கும் ‘சரி’ என்றான். ஒருவர் சொன்னது பஞ்சாங்கத்து நாள். இன்னொருவர் சொன்னது பிறை பார்த்து வைக்கிற நாள். ஷிபினுடைய பெரிய வெள்ளியும் நிலாவைப் பார்த்து நகர்கிற நாள்தான். மூன்று பேரும் நிலாவை நம்பியிருந்தார்களே தவிர, ஒருவரும் நாள்காட்டியைப் புரட்டிப் பார்க்கவில்லை.

தவக்காலத்தில் ஒருநாள் பர்னபாஸ் அண்ணன் பெரிய வெள்ளி வழிபாட்டுக்கு ஆள் பிரித்தார். அன்று மூன்று மணிக்கு ஆண்டவர் பட்ட பாடுகளை, ஆளுக்கொரு பாத்திரமாகப் பல பேர் பங்கு போட்டு வாசிப்பார்கள். ஷிபினுக்குப் பேதுரு கிடைத்தார். ஆண்டவரைப் பிடித்துக்கொண்டு போன ராத்திரி, ‘அவருடைய ஆளா நீ’ என்று கேட்டவர்களிடம் கோழி கூவும் முன்னே மூன்று தடவை ‘இல்லை’ என்று மறுதலித்தாரே, அவர்தான். “வாழ்க்கையிலதான் வராது, வாசிப்புலயாவது வாய் தெறந்து இல்லன்னு சொல்லுலே” என்றார் அண்ணன். எல்லோரும் சிரித்தார்கள். ஷிபின் ‘சரி’ என்றான்.

அன்றுதான் சுவரில் தொங்கிய நாள்காட்டியைப் பார்த்தான். பங்குனி உத்திரம் அதே வெள்ளி. காதர் மைதீன் பாயின் சங்கத்தில் மீலாது விழா வைத்திருந்ததும் அதே வெள்ளி. முதலில் அவனுக்குச் சந்தோஷம்தான். ஒரே டியூட்டியில் இரண்டு பேர் கடனும் அடைந்துவிடும், ஒரே கல்லில் இரண்டு மாங்காய். ஷிப்ட் இரண்டு மணிக்கு முடியும். குளித்துவிட்டு ஓடினால் மூன்று மணிக்குப் பேதுருவாகவும் நின்றுவிடலாம். மாங்காய் மூன்று.

அடுத்த நாளே டெல்சி போன் செய்தாள்.

“எனக்கு லீவு கெடச்சிருக்கு. வியாழன் சாயங்காலம் சார்ஜாவுக்கு வாறேன், சனிக்கெழமை ராத்திரி திரும்பணும். பெரிய வெள்ளி உங்களுக்கு லீவுதானே?”

“சரி… ஆமா” என்றான்.

அவள் சொன்னாள்: “இஞ்ச பாருங்க, நான் சுத்திவளைக்கல. எனக்க காண்ட்ராக்ட் முடியுது. இன்னும் ரெண்டு வருசத்துக்குக் கையெழுத்துக் கேட்டு நிக்காங்க. ஞாயித்துக்கெழம நான் பதில் சொல்லணும். அங்க வந்து கம்மிச் சம்பளத்துல ஒரு வேலையப் பாத்துட்டு உங்க கூட இருக்கலாமான்னும் மனசு கெடந்து அடிக்குது. ஆனா வந்து நான் என்ன செய்யப்போறேன்? பூசைக்கும் பந்துக்கும் பொறவு மிச்சம் இருக்கதத்தானே எனக்கு வைக்கிறீங்க? ஒரு வெள்ளிக்கெழம. முழுசா. எனக்கு மட்டும். குடுக்க முடியுமான்னு பாக்கணும்.”

“சரி டெல்சி” என்றான் ஷிபின்.

போனை வைத்த பிறகு தலையைச் சொறிந்தான். ஒரே வெள்ளிக்கிழமையை வீரபாண்டிக்கும், காதர் மைதீனுக்கும், ஆண்டவருக்கும், இப்போது பெண்டாட்டிக்கும் கொடுத்தாகிவிட்டது. ஒரு பசுவை நாலு சந்தையில் விற்றவன் கதிதான். மற்ற மூன்று பேரிடமும் போய் நின்றால் மன்னிப்பார்கள். ஆண்டவர்கூட மன்னிப்பார், அது அவருடைய வழக்கம். டெல்சி மன்னிக்க மாட்டாள் என்பது அவனுக்குத் தெரியும். மன்னிக்காமல் போனால் இன்னும் இரண்டு வருடம். அந்த இரண்டு வருடம் கழித்து இரண்டு பேருக்கும் இடையில் என்ன மிஞ்சியிருக்கும் என்று நினைத்துப் பார்க்க அவனுக்குத் துணிவில்லை.

சரி, கேட்டுவிடுவது என்று வீரபாண்டியின் ரூமுக்குப் போனான். கட்டிலில் ஒரு புது வேட்டி மடிப்புக் கலையாமல் கிடந்தது. வீரபாண்டி அவனை உட்காரவைத்து, கேட்காமலேயே சொல்ல ஆரம்பித்தார்.

“எட்டு வருசம் கழிச்சுப் பெறந்த புள்ளப்பா ராதிகா. நான் இன்னும் கண்ணால பாக்கல. உத்திரத்தன்னைக்கு அவளுக்கு மொத மொட்ட. ராக்கம்மா அங்க கோயில்ல போன கையில வச்சுக்கிட்டு நிப்பா. நான் இங்க துபாய் கோயில் வாசல்ல நிப்பேன். அவ தலையில கத்தி வைக்கிற நேரத்துக்கு நானும் முடி எறக்கிர்றதா வேண்டுதல். நீ மட்டும் நிக்கலேன்னா எனக்கு ஏது தம்பி அந்த நாளு? நீ நல்லாருக்கணும்.”

“உங்கள பஸ்ஸுக்கு நானே கொண்டு விடட்டுமாண்ணே?” என்று கேட்டுவிட்டு ஷிபின் வெளியே வந்தான்.

காதர் மைதீன் பாயிடமாவது கேட்கலாம் என்று போனான். பாய் தரையில் உட்கார்ந்து, இருநூறு பேருக்கு எவ்வளவு அரிசி போட வேண்டும் என்று வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டிருந்தார். “வாங்க வாங்க, உங்களத்தான் நெனச்சேன். அண்டா ஒண்ணு குறையுது. உங்க பர்னபாஸ் வீட்டுல பெரிய அண்டா இருக்காமே?” என்றார். அன்று சாயங்காலமே ஷிபின் அண்டாவைத் தலையில் வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தான். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்த கதையைக் கேட்டிருக்கிறோம். இவன் குரங்கையும் கொடுத்துவிட்டு, அது உட்கார அண்டாவையும் கொடுத்துவிட்டு வந்தான்.

டெல்சியிடம் சொல்லிவிடலாம் என்று மூன்று முறை போனை எடுத்தான். மூன்று முறையும் “சாப்பிட்டியா?” என்று கேட்டுவிட்டு வைத்தான்.

வியாழன் சாயங்காலம் பர்னபாஸ் அண்ணனின் காரில் போய் அவளைக் கூட்டிவந்தான். அண்ணன் ஓட்டினார். கூட்டத்தில் டெல்சியை முதலில் பார்த்தபோது ஷிபினுக்கு அடையாளம் தெரியவில்லை. கண்ணுக்குக் கீழே கருத்து, கழுத்தெலும்பு தெரிய, பெட்டியைத் தள்ளிக்கொண்டு யாரோ ஒருத்தி போல வந்தாள். கிட்ட வந்து சிரித்தபோதுதான் டெல்சி ஆனாள். அவன் பெட்டியை வாங்கினான். கையைப் பிடிக்கலாமா என்று யோசித்தான், அதற்குள் அவளே பிடித்துக்கொண்டாள். மூன்று வருடத்துக்குப் பிறகு அந்தக் கை. அதன் விரலெல்லாம் ஆஸ்பத்திரி மருந்துத் தண்ணீரில் வெடித்திருந்தது.

காரில் பின்சீட்டில் சாய்ந்ததும், “நாளைக்கு முழுசும் எனக்கு, என்னா?” என்றாள்.

“டெல்சி, அது வந்து…” என்று தொடங்கினான். அதற்குள் அவள் அவன் தோளில் தலையை வைத்துத் தூங்கியிருந்தாள். பர்னபாஸ் அண்ணன் கண்ணாடியில் அவனைப் பார்த்தார். விஷயம் முழுக்க அவருக்குத் தெரியும். “நீ என்னைக்குலே திருந்துவா” என்று மெதுவாகக் கேட்டார்.

அண்ணன் தம் வீட்டில் ஒரு அறையை ஒழித்துக் கொடுத்திருந்தார். அவருடைய மனைவி அன்னபாக்கியம் புது விரிப்பு விரித்து, ஜன்னலுக்குத் திரை போட்டு, அயிலை மீன் பொரித்து வைத்திருந்தாள். டெல்சி இரண்டு வாய் சாப்பிட்டாள். மூன்றாவது வாய்க்கு உருட்டிய சோறு கையில் இருக்கும்போதே கண் செருகியது. அன்னபாக்கியம் அவள் கையைக் கழுவிவிட்டுக் கூட்டிப்போய்ப் படுக்கவைத்தாள். “பிள்ளைய அங்க என்ன பாடு படுத்துதானுவளோ” என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

விடிகாலையில் ஷிபின் அவள் பக்கத்தில் உட்கார்ந்து கூப்பிட்டான். “டெல்சி.”

“ம்.”

“எனக்கு டியூட்டி இருக்கு டெல்சி.”

“ம்” என்றாள், தூக்கத்திலேயே. அவள் காதில் அது விழவில்லை என்று அவனுக்கு நன்றாகத் தெரியும். உலுக்கி எழுப்பியிருக்க வேண்டும். எழுப்பினால் அந்த முகம் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்த்தான். சத்தம் வராமல் கதவைச் சாத்திக்கொண்டு போனான். கோழை என்று திட்டலாம். அவனும் வழி முழுக்க அந்த வார்த்தையால்தான் தன்னைத் திட்டிக்கொண்டு போனான்.

அன்று கில்ன் ஒரு தொந்தரவும் செய்யவில்லை. டைல்ஸ் ஒழுங்காக உள்ளே போனது, ஒழுங்காக வெளியே வந்தது. ஏதாவது மாட்டிக்கொண்டால் கை வேலையில் மனம் மறக்கும், அதற்கும் கொடுத்துவைக்கவில்லை. போர்மேன் சாயா நீட்டினார். ஷிபின் வேண்டாம் என்று தலையாட்டினான். “ரோஜா?” என்று கேட்டார், நோன்பா என்று. “ஹாங் பாய், ஆஜ் ஹமாரா ரோஜா ஹை” என்றான். போர்மேன் மரியாதையாகச் சாயாவைத் தூரமாகக் கொண்டுபோய்க் குடித்தார்.

நிமிஷத்துக்கு ஒருதரம் ஷிபின் போனைப் பார்த்தான். இப்போது எழுந்திருப்பாள். இப்போது என்னைத் தேடியிருப்பாள். இப்போது அன்னபாக்கியம் மைனி சொல்லியிருப்பாள். இப்போது பெட்டியைக் கட்டுவாள். ஒருதரம் போன் அடித்தபோது உயிரே போய்விட்டது. எடுத்தால் வீரபாண்டி.

“எறக்கியாச்சு தம்பி! ராதிகா ஊரே கேக்குற மாதிரி அழுதா. போன்ல அவ அழுகையக் கேட்டுக்கிட்டேதான் நானும் தலைய குடுத்தேன். எம்புள்ள சத்தத்த இன்னைக்குத்தாம்ப்பா மொத மொத கேட்டேன். உன்னாலதான்.” அவர் அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை. இந்த நாளை இவரிடமிருந்து எப்படித் திருப்பிக் கேட்டிருக்க முடியும்? கேட்டிருக்க முடியாதுதான். ஆனால் டெல்சியிடம் உண்மையைச் சொல்லியிருக்க முடியும். அதற்கு யாரும் குறுக்கே நிற்கவில்லை.

இரண்டு மணிக்கு ஷிப்ட் முடிந்ததும் கம்பெனியிலேயே குளித்து, வேறு சட்டை போட்டுக்கொண்டு ஓடிவந்தான். பர்னபாஸ் அண்ணன் கோவிலுக்குக் காரைக் கிளப்பிக்கொண்டிருந்தார். அன்னபாக்கியம் வாசலிலேயே அவனை மறித்தாள்.

“அவ இன்னும் எழும்பல.”

“என்னது?”

“ரெண்டு தடவ போய்ப் பாத்தேன். நடுவுல ஒருக்க தண்ணி கேட்டா, குடுத்தேன். குடிச்சிட்டு மறுபடியும் படுத்துட்டா. உன்ன கேக்கல. நானும் ஒண்ணும் சொல்லல.” குரலைத் தாழ்த்தினாள். “இஞ்ச பாரு, நீ டியூட்டிக்குப் போனது அவளுக்குத் தெரியாது. பக்கத்துல போய் இரு. காலையில இருந்தே அங்கதான் இருந்தேன்னு அவ நெனச்சா நெனச்சிக்கிடட்டும். ஒரு குடும்பம் நல்லா இருக்கணும்னா ஆண்டவரு அதுக்கெல்லாம் கணக்கு வைக்க மாட்டாரு.”

“பேதுரு யாரு வாசிக்கது?” என்று காரிலிருந்து அண்ணன் கத்தினார்.

“நீங்களே வாசிச்சித் தொலைங்க!” என்று அன்னபாக்கியம் பதிலுக்குக் கத்திவிட்டுக் காரில் ஏறினாள்.

வீட்டில் வேறு யாரும் இல்லை. ஷிபின் கட்டிலருகே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தான். ஏ.சி. உறுமிக்கொண்டிருந்தது. டெல்சி ஒருக்களித்துப் படுத்து, ஒரு கையைக் கன்னத்துக்கடியில் வைத்திருந்தாள். கல்யாணமான புதிதில் இப்படித்தான் படுப்பாள் என்பது அவனுக்கு இப்போதுதான் ஞாபகம் வந்தது. இதைக்கூட மறந்துபோயிருக்கிறோமே என்று பயமாக இருந்தது. கோவிலில் இந்நேரம் வாசிப்பு தொடங்கியிருக்கும்.

அவள் கண் விழித்தாள். அவனைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு திடுக்கிட்டு எழுந்து உட்கார்ந்தாள்.

“மணி என்ன?”

“மூணரை.”

“காலையிலயா?”

“சாயங்காலம்.”

அவள் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள். “ஐயோ, வெள்ளிக்கெழமைய நான் தூங்கியே தொலைச்சிட்டேனே! இந்த மூணு நாளு லீவு கெடைக்கதுக்காக, கூட வேலை பாக்க ரினிக்க நைட் டியூட்டியும் சேத்து நானே பாத்தேன். ரெண்டு வாரமா உறக்கமே இல்ல. உங்ககிட்ட முழு நாளு வேணும்னு சண்டை போட்டுட்டு, நானே…” கையை எடுத்து அவனைப் பார்த்தாள். குளித்த தலை, மாற்றின சட்டை, கட்டிலை ஒட்டிப் போட்ட நாற்காலி. அவள் கண் அகலமாயிற்று. “கோவிலுக்கும் போவலியா நீங்க? பேதுரு வாசிக்கணும்னு சொன்னீங்களே? எனக்காக இவ்வளவு நேரமும் இங்கேயேவா இருந்தீங்க?”

ஷிபின் வாயைத் திறந்தான். மூடினான்.

அவள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. “எழுப்பியிருக்கலாம்லா? சும்மா பாத்துக்கிட்டா இருந்தீங்க? நான் உங்களப் பத்தி எப்படியெல்லாம் நெனச்சிட்டேன்… போதும். எனக்கு இது போதும். அந்தப் பேப்பர்ல நான் கையெழுத்துப் போட மாட்டேன். இங்கேயே வந்துருதேன்.”

கேட்டது கிடைத்துவிட்டது. ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. வழக்கமாகச் சொல்கிற ‘சரி’யைக்கூடச் சொல்ல வேண்டாம், பேசாமல் இருந்தாலே போதும். மைனி சொல்ல மாட்டாள், அண்ணன் சொல்ல மாட்டார். கையை நீட்டினால் பெண்டாட்டி, வீடு, சேர்ந்து சாப்பிடுகிற சோறு எல்லாம் கையில்.

“இல்ல” என்றான் ஷிபின்.

அந்தச் சொல் அவன் குரலில் வந்ததை அவனாலேயே நம்ப முடியவில்லை.

“என்ன இல்ல?”

“நான் இங்க இல்ல. டியூட்டிக்குப் போயிருந்தேன். இப்பதான் வந்தேன்.”

ஆரம்பித்த பிறகு நிறுத்தவில்லை. கிறிஸ்துமஸுக்கு வீரபாண்டி நின்றதையும், வருடக் கடைசிக்குப் பாய் நின்றதையும், நாள்காட்டியையும், கேட்கப் போய் அண்டா சுமந்ததையும், போனை மூன்று முறை எடுத்து வைத்ததையும், காலையில் அவள் ‘ம்’ என்றதும் ஓடிப்போனதையும் சொன்னான். வீரபாண்டியின் பிள்ளை அழுததையும் சொன்னான். அதைச் சாக்காகச் சொல்லவில்லை. அதுவும் நடந்ததுதானே என்று சொன்னான்.

டெல்சி சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். “கடைத்தேங்காய எடுத்து வழியில போறவனுக்கெல்லாம் ஒடச்சிக்கிட்டே இருக்கீங்க. கடை என்னுதும்தான்” என்றாள். குரல் உடைந்தது. அவனுக்குப் பேச நியாயம் இல்லை.

பிறகு திரும்பாமலே கேட்டாள். “நீங்க சொல்லலேன்னா எனக்குத் தெரிஞ்சிருக்குமா?”

“தெரிஞ்சிருக்காது.”

“மைனி?”

“சொல்ல மாட்டாங்க.”

“பொறவு எதுக்குச் சொன்னீங்க? நான்தான் வாறேன்னு சொல்லிட்டேனே.”

ஷிபின் யோசித்தான். அவனுக்கு யோசித்துப் பேசிப் பழக்கமில்லை, அதனால் நேரம் எடுத்தது.

“நீ எழும்பினதும், ஒருத்தன் காலையில இருந்து பக்கத்துல இருந்தான்னு சந்தோசப்பட்ட. அவன் நல்லவன்தான். ஆனா அவன் நான் இல்ல டெல்சி. நீ அவன நம்பி வேலைய விட்டுட்டு வந்தா, வந்து பாக்கும்போது இங்க நான்தான் இருப்பேன்.”

அவள் திரும்பினாள். அவன் முகத்தை, கடையில் வாங்கப்போகிற மீனைப் பார்ப்பதுபோல, கூர்ந்து பார்த்தாள். கோபம் அந்த முகத்தில் இன்னும் இருந்தது. ஆனால் அந்தக் கோபம் இப்போது வீட்டு ஆள் மேல் வருகிற கோபமாக இருந்தது.

“மூணு வருசத்துல எனக்கிட்ட நீங்க இல்லன்னு சொன்னது இதான் மொதத் தடவ” என்றாள். “பேதுரு பொய்யா சொன்னாரு. நீங்களாவது உண்மையச் சொன்னீங்களே.”

எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்தாள். துண்டால் துடைத்துக்கொண்டே சொன்னாள்: “ரெண்டு வருசத்துக்குப் போட மாட்டேன். ஆறு மாசம் கேப்பேன். அந்த ஆறு மாசத்துல இங்க எனக்கு ஒரு ஆஸ்பத்திரியில வேலை பாருங்க. பாத்த வேலைய வேற எவளுக்காவது தூக்கிக் குடுத்துராதீங்க. அதுவரைக்கும் வெள்ளிக்கெழம மொத போன் எனக்கு. மத்ததெல்லாம் பொறவு.”

ஷிபினின் வாய் தன்பாட்டில் திறந்தது.

“சரின்னு சொல்லாதீங்க!” என்றாள் டெல்சி. “உங்களுக்க சரி எனக்கு வேண்டாம். முடியுமான்னு யோசிச்சிச் சொல்லுங்க.”

அவன் வாயை மூடிக்கொண்டான். வெள்ளிக்கிழமையை மனத்தில் விரித்துப் பார்த்தான். பாட்டு, பூசை, சமையல், பந்து, முறை டியூட்டி.

“பூசைக்கு முந்தி முடியாது” என்றான், தயங்கித் தயங்கி. “பாட்டுக்காரங்க எனக்காகக் காத்து நிப்பாங்க. பூசை முடிஞ்ச ஒடனே முடியும். டியூட்டி இருக்க வெள்ளிக்கு ரெண்டு மணிக்குப் பொறவுதான். பந்து… பந்த முழுசா விட முடியாது டெல்சி. மாசத்துல ரெண்டு வெள்ளி விடலாம்.”

டெல்சிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணில் தண்ணீரும் இருந்தது. “இத நான் நம்புறேன்” என்றாள்.

பிறகு கைப்பையைத் திறந்து ஜெபமாலையை எடுத்தாள். பழக்கத்தில் ஷிபின் முதல் பாதியைத் தொடங்கத் தொண்டையைச் செருமினான். அவள் வேண்டாம் என்று கையைக் காட்டினாள். கட்டிலில் அவனுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, முதல் பாதியை அவளே சொன்னாள். சொல்லிவிட்டு நிறுத்திக் காத்திருந்தாள்.

விடிகாலையிலிருந்து நின்ற கால் வலித்தது. வெறும் வயிறு, குளிர்ந்த அறை, கண்ணை இழுத்தது. ஆனாலும் பத்தாவது மணிவரை ஒன்றுவிடாமல் அவன் பதில் சொன்னான்.